த்ராக்சியோன் வண்டிக்கு உதிரி சாமான் தேடிய காலம்

கீழூரில் 1954 அக்டோபர் 18-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்ததையும், 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் சேர வேண்டும் என்றதையும், நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியதையும் நம் ஊரில் வருஷா வருஷம் எழுதுகிறார்கள். அந்தக் கைமாற்றத்தில் ஊரில் இருந்த பிரெஞ்சுக் கார்களின் தலையெழுத்தும் மாறியது. அதை யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அதை வைத்துப் பிழைத்தவர்கள், பட்டறைக்காரர்கள், கடைசல்காரர்கள், பித்தளை உருக்குகிறவர்கள், அதைவிட அதிகம். அவர்கள் கதையும் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் சுங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷம் கோப்பு புரட்டியவனுக்கு அங்கிருந்துதான் தொடங்கத் தெரியும். பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சிந்தியாவுக்கும் 1941-இல் ஒரு சுங்க உடன்பாடு ஏற்பட்டது. சுதந்திர இந்தியா 1949-இல் அதை முடித்துக்கொண்டு நம் எல்லையைச் சுற்றிச் சுங்கச் சாவடி போட்டது. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் புதுச்சேரிக்குள் கப்பலில் வந்து இறங்கிய சாமானுக்கு இந்திய வரி கிடையாது. கைக்கடிகாரம், பேனா, சீமைச் சாராயம் எல்லாம் வந்ததை என் வயதுக்காரர்கள் அறிவார்கள். கார்களும், கார்களுக்கான சாமான்களும் அப்படித்தான் வந்தன. சித்ரோஎன், பெழோ, ரெனோ மூன்றுக்கும் ஊரில் சாமான் கிடைத்தது. இல்லாததற்கு எழுதிப் போட்டால் அடுத்த கப்பலில் மர்செய்யிலிருந்து வரும்.

அந்தப் பக்கத்தில் இந்திய அரசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. 1953-இல் டாரிஃப் கமிஷன் அறிக்கை வந்தது. உள்நாட்டில் படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே பாகங்களை இறக்கிப் பூட்டி விற்கக் கூடாது என்று முடிவாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. ஹிந்துஸ்தான், பிரீமியர், மதராஸில் ஸ்டாண்டர்ட் என்று சில கம்பெனிகள்தான் மிஞ்சின. பிரெஞ்சுக் கார் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக 1954 நவம்பரில் எல்லைச் சாவடி எடுக்கப்பட்டு, இந்தியச் சுங்கம் நம் துறைமுகத்துக்கு வந்தபோது, அதுவரை உள்ளூர்ச் சாமானாக இருந்த சித்ரோஎன் கிளட்ச் தட்டு ஒரே இரவில் அந்நியச் சரக்காகிவிட்டது. சுங்கச் சாவடி போன சந்தோஷத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அரிசிக்கும் பெர்மிட்டுக்கும் அவஸ்தைப்பட்ட ஜனங்களுக்குக் கிளட்ச் தட்டு எந்த மூலை?

ஊரை விட்டுப் போன பிரெஞ்சு அதிகாரிகள் பலர் கார்களை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படி ஒருவரிடமிருந்து என் பெரியப்பா வாங்கியது 1951-ஆம் வருஷத்து சித்ரோஎன் 11 லெழேர், கறுப்பு நிறம். பெரியப்பா சொல்தா, இந்தோசீனாவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றுத் திரும்பியவர். சைகோனில் மேலதிகாரிகள் இந்த வண்டியில் போவதைப் பார்த்துப் பார்த்து ஆசை வைத்திருந்தார். விலை மலிவாக இருந்ததன் காரணம் அவருக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சித்ரோஎன் கம்பெனி 1934-இல் இதைக் கொண்டுவந்தது. அதைக் கொண்டுவந்த செலவிலேயே கம்பெனி முறிந்தது. மிஷ்லேன் டயர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அந்திரே சித்ரோஎன் இறந்துபோனார். வண்டி மட்டும் 1957 வரை, ஏழரை லட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. அந்தக் காலத்துக் கார்கள் எல்லாம் பின்சக்கரத்தால் தள்ளிக்கொண்டு போகும்போது, இது முன்சக்கரத்தால் இழுக்கும். அதனால்தான் ‘த்ராக்சியோன் அவான்’ என்று பெயர். முன்னிழுவை என்று சொல்லலாம். அடியில் தனிச் சட்டம் கிடையாது; உடம்பே சட்டம். வில்லுப்பட்டை கிடையாது, அதற்குப் பதில் முறுக்குக் கம்பிகள். கியர் கம்பி தரையிலிருந்து வராது, டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். தரை தட்டாகச் சமதளமாக இருக்கும். திருப்பத்தில் அது போகிற அழகை அம்பாசடரில் வளர்ந்தவர்களிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரவில் அதன் மஞ்சள் விளக்கைக் கடற்கரைச் சாலையின் அந்தக் கோடியிலேயே அடையாளம் கண்டுகொள்வோம். அப்போது பிரான்ஸில் மஞ்சள் விளக்குதான் சட்டம்.

இதே சிறப்புகள்தான் ரிப்பேர் என்று வந்தபோது எமனாக நின்றன.

முதல் தொல்லை டயர். மிஷ்லேன்காரர்கள் கம்பெனியை எடுத்துக்கொண்டதும் சக்கரத்தை மீட்டர் கணக்கில் கொண்டுவந்தார்கள். அளவு 165 × 400. அதாவது சக்கரத்தின் குறுக்களவு 400 மில்லிமீட்டர். இந்தியாவில் விற்ற டயர்கள் எல்லாம் அங்குலக் கணக்கு. 15 அங்குலம் என்றால் 381 மில்லிமீட்டர், ஏறவே ஏறாது. 16 அங்குலம் என்றால் 406. ஏறும், ஆனால் 6 மில்லிமீட்டர் தொளதொளவென்று நிற்கும். அந்த 6 மில்லிமீட்டருக்காக எத்தனை பேர் வண்டியை ஓரங்கட்டினார்கள் என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. வந்த டயர்களையே மூன்று தடவை ரீட்ரெட் செய்து ஓட்டினார்கள். அதற்கு மேல் துணி தெரிய ஆரம்பித்தபோது ஒரே வழிதான்: சித்ரோஎன் சக்கரத்தின் நடுத்தட்டை வெட்டி எடுத்து, ஜீப்பின் 16 அங்குல ரிம்முக்குள் வைத்து வெல்டிங் செய்வது. பார்க்க எளிது. நடுத்தட்டு நூல் பிசகாமல் உட்கார வேண்டும். இல்லையென்றால் நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே ஸ்டீயரிங் கையைப் பிடித்து உலுக்கும்.

அதைப் பிசகாமல் செய்தவர் எங்கள் மேஸ்திரி. பெயர் வேண்டாம், குடும்பம் இன்னும் முத்தியால்பேட்டையில் இருக்கிறது. ரோடியர் மில் ஒர்க்‌ஷாப்பில் கடைசல் பழகியவர். புதுச்சேரியில் மோட்டார் மெக்கானிக்குகளில் நல்ல கை என்று பெயர் எடுத்தவர்கள் பலர் மில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தவர்கள்தான். தறிக்கும் நீராவி இன்ஜினுக்கும் பல்சக்கரம் வெட்டிப் பழகியவர்களுக்குக் கார் பெரிய காரியமாகத் தெரியவில்லை. சாமான் இல்லையா, செய்துகொள்வோம் என்கிற புத்தி அங்கே வந்தது. இன்றைய சர்வீஸ் நிலையங்களில் சாமான் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டி, இல்லை என்று வந்தால் கையை விரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைசல் மிஷினே அங்கு கிடையாது.

மேஸ்திரிக்குப் பிரெஞ்சு பேச வரும், படிக்க வராது. பெரியப்பாவிடம் சித்ரோஎன் ரிப்பேர் புத்தகம் ஒன்று காரோடு வந்திருந்தது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், பதினைந்து வயது. ஆக வியாழக்கிழமை பள்ளி விடுமுறையில் பட்டறையில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து புத்தகத்தைத் தமிழில் சொல்வது என் வேலை. படத்தைப் பார்த்தாலே அவருக்குப் பாதி விளங்கிவிடும். மீதிக்குத்தான் நான்.

“ஷெமீஸ் என்றால் என்ன தம்பி?” என்றார் ஒரு நாள்.

“சட்டை, மேஸ்திரி.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்ஜின் சிலிண்டருக்குள் போடுகிற உறையை மதராஸ் கடைக்காரர்கள் ‘ஸ்லீவ்’ என்பார்கள். “இங்கிலீஷ்காரன் சட்டைக்கைதான் கொடுத்தான், வெள்ளைக்காரன் முழுச் சட்டையே கொடுத்துவிட்டான்” என்றார். அவர் அகராதியில் வெள்ளைக்காரன் என்றால் பிரெஞ்சுக்காரன் மட்டும்தான். சக்கரத் தண்டில் இருக்கும் நான்குமுனைக் கட்டைக்குப் பிரெஞ்சில் ‘க்ருவாசியோன்’. அவர் அதைச் சிலுவை என்றே சொல்வார். சிலுவை தேய்ந்திருக்கிறது, சிலுவைக்குக் கிரீஸ் போடணும் என்பார். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி காதைப் பொத்திக்கொள்வாள்.

அந்தச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. த்ராக்சியோன் இன்ஜின் 1911 சி.சி.; சிலிண்டர் விட்டம் 78 மில்லிமீட்டர், ஓட்டம் 100. சிலிண்டர் தேய்ந்தால் முழு பிளாக்கையும் கடைய வேண்டியதில்லை. நான்கு சட்டைகளையும் உருவிப் போட்டுப் புதிதை இறக்கலாம். மிக நல்ல ஏற்பாடு, புதிய சட்டை கிடைக்கிற ஊரில். கிடைக்காத ஊரில் மேஸ்திரி வார்ப்பிரும்புக் குழாய் வார்த்துக் கடைந்து போட்டார். கனெக்டிங் ராடின் அடிப்பக்கம் 1955-க்கு முந்திய இன்ஜின்களில் தனி பேரிங் கிடையாது. வெள்ளை உலோகத்தை உருக்கி அதிலேயே ஊற்றிக் கடைய வேண்டும். பிரான்ஸில் இதைப் பழசு என்று கைவிட்டார்கள். நமக்கு இதுதான் வசதி. ஈயமும் தகரமும் எங்கும் கிடைக்கும். ஊற்றத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் போதும், பாரீசுக்கு எழுத வேண்டாம். ஹெட் கேஸ்கெட்டுக்குச் செம்புத் தகடு பாத்திரக் கடையிலிருந்து வந்தது. அதைத் தணலில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகும். இரும்பு என்றால் இறுகும், செம்பு நேர்மாறு. மறுபடி மறுபடி அதே தகட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

பிரேக் எண்ணெய்க்கு ஆமணக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்தார். இதைக் கேட்டால் இன்றைக்குச் சிரிப்பார்கள். ஆனால் ஹைட்ராலிக் பிரேக் வந்த புதிதில் கம்பெனிக்காரர்கள் விற்ற எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவைதான். புதுச்சேரியில் இரண்டில் எதற்குப் பஞ்சம்? மின்சாரம் 6 வோல்ட். பல்புக்கு மோட்டார் சைக்கிள் கடை. கார்புரேட்டர் சோலெக்ஸ், அந்தப் பெயரில் மதராஸிலேயே பிற்காலத்தில் தயாரித்தார்கள், அம்பாசடருக்கும் அதுவே வந்தது. பால் பேரிங்குகளுக்கு உள் அளவு, வெளி அளவு, தடிமன் மூன்றும் உலகம் முழுக்கப் பொது என்பதால், சிலவற்றை அளந்து எழுதிக்கொண்டு மதராஸ் பஸ் ஏறுவார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசு, புதுப்பேட்டையில் பழசு. போல்ட்டு மட்டும் பெரிய பாடு. பிரெஞ்சுக்காரன் 7 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் என்று வேறு யாரும் போடாத அளவில் மரை போட்டிருந்தான். ஒரு போல்ட்டு தொலைந்தால் கடையில் கிடைக்காது, கடைந்துதான் ஆக வேண்டும். அதனால் மேஸ்திரியின் பட்டறையில் முதல் விதி: கழற்றிய போல்ட்டைச் சட்டைப் பையில் போடாதே, டப்பாவில் போடு.

முன்சக்கர ஹப்பைக் கழற்றத் தனி இழுப்பான் வேண்டும். அது இல்லாமல் சுத்தியலால் அடித்தவர்கள் தண்டின் முனையை நாசம் செய்துகொண்டார்கள். புத்தகத்துப் படத்தைப் பார்த்து மேஸ்திரி மில் உருக்கில் ஒன்று செய்தார். ஊரில் வேறு யார் சித்ரோஎன் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானாலும் இதை இரவல் வாங்கிப் போக வேண்டும். வாடகை எட்டணா.

இத்தனையும் முடிந்தது. முடியாதது ஒன்றே ஒன்று: கிரௌன் பினியன்.

மற்ற கார்களில் டிஃபரன்ஷியல் பின்னால் தனியாக இருக்கும். இதில் இன்ஜினுக்கு முன்னால் கிளட்ச், அதற்கும் முன்னால் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே கூட்டில். அந்தக் கூட்டில் உள்ள கிரௌன் வீலும் பினியனும் இந்த வண்டியின் பலவீனம் என்று பிரான்ஸிலேயே பெயர். முரட்டுத்தனமாகக் கிளட்ச் விட்டால் பல் போய்விடும். பல் வளைந்த வாட்டத்தில் வெட்டப்பட்டது. அதற்கென்று தனி மிஷின் வேண்டும், சாதாரணக் கடைசலில் ஆகாது. அதோடு, கிரௌனும் பினியனும் கம்பெனியிலேயே ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்த்து எண் பொறித்து வருபவை. “புருஷன் பெண்டாட்டி மாதிரி, மாற்றிக் கட்ட முடியாது முசே” என்று மேஸ்திரி பெரியப்பாவிடம் சொன்னார்.

1964-இல் பெரியப்பாவின் வண்டியில் ஒரு பல் போயிற்று. ஊரில் பிரெஞ்சுக் கார்கள் எந்த நிலையில் இருந்தன என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏனென்றால் பழைய கிரௌன் தேடி நானும் மேஸ்திரியும் ஊர் முழுக்கச் சுற்றினோம். ரெனோ கத்ர் ஷெவோ, பின்னால் இன்ஜின் வைத்த சின்ன வண்டி, ஒன்று கோழிக்கூடாக இருந்தது. பெழோ 203 வைத்திருந்த ஒரு டாக்டர் அதில் அம்பாசடர் இன்ஜினை இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். பெழோவுக்கு அது முடியும். இன்ஜின் முன்னால், இழுவை பின்னால், உலகத்து வழக்கம். எந்த இன்ஜினையும் தட்டி உட்கார வைக்கலாம். த்ராக்சியோனில் முடியவே முடியாது. எல்லாம் திருப்பிப் போட்ட அமைப்பு. அதன் இன்ஜின், அதன் கியர்பாக்ஸ் இரண்டும் தவிர வேறொன்று அங்கே நுழையாது. அதனால் நம் ஊரில் பெழோக்கள் பாதி அம்பாசடராக மாறியாவது எண்பதுகள் வரை ஓடின. த்ராக்சியோன்கள் சுத்தமாக நின்றன. பெருமையுள்ள ஜாதி அப்படித்தான்.

காரைக்காலில் ஒரு வண்டி கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். கூடு இருந்தது, கியர்பாக்ஸ் இல்லை. எங்களுக்கு முன்னால் யாரோ தேடி வந்திருக்கிறார்கள்.

பிறகு சட்டப்படியான வழி. இறக்குமதி லைசென்ஸுக்கு மனுப் போட்டோம். அந்தக் காலத்தில் ஏற்கெனவே இறக்குமதி செய்துவந்த வியாபாரிக்கு ஒரு கோட்டா, தொழிற்சாலை போன்ற நேரடி உபயோகிப்பாளருக்கு ஒரு வழி என்று இருந்தது. ஒரே ஒரு பழைய வண்டி வைத்திருக்கும் பென்ஷன்காரர் எந்தக் கட்டத்துக்குள்ளும் வரவில்லை. மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், ஏழு மாதம் கழித்து, கோட்டா உள்ள வியாபாரியை அணுகவும் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கோட்டா உள்ள வியாபாரி ஒரே ஒரு கிரௌனுக்காகக் கடிதம் எழுத மாட்டார். அந்நியச் செலாவணி அப்படிப் பஞ்சமாக இருந்த காலம். மருந்துக்கும் உணவுக்கும் போக மிஞ்சியதில் சித்ரோஎனுக்கு இடமில்லை என்றால் அது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வரியை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம்.

அந்த ஏழு மாதமும் வண்டி சும்மா நிற்கவில்லை. மேஸ்திரி உடைந்த பல் இருந்த இடத்தில் பித்தளைப் பற்று ஊற்றிக் குவித்து, மற்றப் பற்களுக்கு அச்சுப் பார்த்து, அரத்தால் ராவி ஒரு பல்லை உண்டாக்கினார். நான்கு நாள் ராவினார். மை தடவிச் சுற்றிப் பார்ப்பது, எங்கே மை அழிகிறதோ அங்கே ராவுவது, மறுபடி மை. பித்தளை மெத்தென்றிருக்கும், எஃகுப் பல்லோடு எவ்வளவு நாள் ஈடுகொடுக்கும்? முதல் கியரில் மேடு ஏறக் கூடாது, ஆள் நிறைய ஏற்றக் கூடாது என்று நிபந்தனை. பெரியம்மா வில்லியனூர் மாதா கோவிலுக்குத் தங்கைகளோடு போக வேண்டுமென்றால் பாதிப் பேர் பஸ்ஸில் போவார்கள். வண்டி பதினோரு மாதம் ஓடியது. அந்த வேலைக்கு மேஸ்திரி வாங்கிய கூலி 40 ரூபாய். எனக்கு அந்தத் தொகை இன்றும் உறுத்துகிறது. புதிய சாமானுக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்க நம் ஜனங்கள் தயார். அந்தச் சாமானையே இல்லாமல் ஆக்கிய கைக்கு 40 ரூபாய்.

இதற்குள் ரூபாய்க்கு வேறு ஒன்று நடந்தது. 1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆயிற்று. பிராங்கு கணக்கில் பார்த்தால், 100 பிராங்கு விலையுள்ள ஒரு சாமான் முதல் நாள் 96 ரூபாய், மறுநாள் 152 ரூபாய். சில வருஷம் கழித்து நான் எழுத்தராகச் சேர்ந்தபோது சம்பளத் தொடக்கம் 110 ரூபாய். அதாவது ஒரு மாதம் முழுக்கக் கோப்பு எழுதினாலும் 100 பிராங்குச் சாமான் ஒன்று வாங்க முடியாது, வரியையும் கப்பல் கூலியையும் சேர்க்காமலே.

ஆனால் பெரியப்பாவுக்கு அது தலைகீழாக வேலை செய்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி கைமாறியபோது, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று வாய்ப்புக் கொடுத்தார்கள். அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். பென்ஷன் பிராங்கில். பிராங்கு ஏறினால் கையில் விழும் ரூபாயும் ஏறும். பிரெஞ்சுக் கார் வைத்திருந்தவர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்தது இங்கேதான். ரூபாயில் சம்பாதித்த டாக்டரும் வக்கீலும் மில் அதிகாரியும் அந்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் வண்டியை விற்று அம்பாசடருக்கும் ஹெரால்டுக்கும் போனார்கள். பிராங்கில் பென்ஷன் வாங்கியவர்கள் வைத்துக்கொண்டார்கள். ‘சொல்தாவுக்கு என்ன, சீமைக் காரில் போகிறான்’ என்று ஊரில் பொறாமைப் பேச்சு உண்டு. பொறாமைப்பட வேண்டியிருந்தால் வண்டியைப் பார்த்தல்ல, செலாவணி விகிதத்தைப் பார்த்துத்தான் பட்டிருக்க வேண்டும்.

1967 தொடக்கத்தில் பெரியப்பாவின் மருமகப்பிள்ளை, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், விடுமுறையில் வந்தார். சாமான் எண்ணை நான்தான் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதி அனுப்பியிருந்தேன். அங்கே அது சுலபமாகக் கிடைத்தது. த்ராக்சியோன் நின்று பத்து வருஷமாகியும் அதே இன்ஜினையும் அதே மாதிரிக் கியர்பாக்ஸையும் போட்டு சித்ரோஎன்காரர்கள் தகர உடம்பு வேன் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் முதல் போலீஸ் வரை ஓட்டிய வேன், 1981 வரை வந்தது. ஜோடி கிரௌன் பினியனை உள்சட்டைகளுக்கு நடுவில் சுற்றி, பம்பாயில் இறங்கி, சுங்கத்தில் வரி கட்டிக் கொண்டுவந்தார். எவ்வளவு கட்டினார் என்பதைப் பெரியம்மாவிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவு. பெரியம்மாவுக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. அந்த வருஷம் மச்சுக்கு ஓடு மாற்றவில்லை.

மேஸ்திரி அந்த ஜோடியைப் பொருத்த ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். பினியன் எவ்வளவு உள்ளே போக வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு ஆட்டம் என்பதெல்லாம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக் கணக்கு. புத்தகம் சொன்ன அளவுமானி நம்மிடம் இல்லை. சிகரெட் பெட்டித் தாளைத் தடுப்பாக வைத்து, காதில் ஒரு மூங்கில் குச்சியை வைத்துக் கேட்டே சரிசெய்தார். அதற்கப்புறம் பத்து வருஷம் அந்தக் கியர்பாக்ஸைத் திறக்கவில்லை.

வண்டியைக் கடைசியில் நிறுத்தியது சாமான் அல்ல, பெட்ரோல். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயைக் கட்டிப் பிடித்த பிறகு இங்கே விலை மளமளவென்று ஏறிற்று. லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி ஞாயிற்றுக்கிழமை வண்டியாயிற்று, பிறகு பண்டிகை வண்டி. பெரியப்பா 1977-இல் காலமானார். பிள்ளைகள் இரண்டு பேரும் பிரான்ஸில். பெரியம்மா அடுத்த வருஷம் அதைப் பழைய இரும்புக்காரருக்கு 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார். அன்று மேஸ்திரி வந்து கியர்பாக்ஸை மட்டும் தனக்கு வேண்டும் என்று கேட்டார். பெரியம்மா, “எடுத்துக்கொள் மேஸ்திரி, உனக்கில்லாததா” என்றார். அவர் 100 ரூபாயைத் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போனார். கிரௌனையும் பினியனையும் எண்ணெயில் நனைத்த சாக்கில் கட்டிப் பட்டறைப் பரணில் வைத்திருந்தார். யாராவது கேட்டு வருவார்கள் என்று நினைத்தார். இரண்டொருவர் வந்தார்கள்; அவர்களிடம் வண்டியே சரியாக இல்லை என்று கொடுக்க மறுத்துவிட்டார். தொண்ணூறுகளில் அவர் போன பிறகு பட்டறையைக் காலி செய்தபோது இரும்பெல்லாம் கிலோக் கணக்கில் காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தைக்குப் போயிற்று. அந்த மூட்டையும் அதில் போயிருக்க வேண்டும். ஹப் இழுப்பான் மட்டும் மூத்த பேரனிடம் இருக்கிறது. என்னவென்று தெரியாமல் கேட்டுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டிருந்தான், நான் சொன்னதும் கழற்றித் துடைத்து உள்ளே வைத்திருக்கிறான்.

இப்போது நிலைமை வேறு. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது. நம்பர் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், தினசரி ஓட்டக் கூடாது. ஐரோப்பாவில் பழைய சித்ரோஎன் பிரியர்கள் சங்கம் சங்கமாக இருப்பதால் சட்டையிலிருந்து சிலுவை வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். மிஷ்லேன் அந்த 400 மில்லிமீட்டர் டயரை இன்றும் போடுகிறது. பணம் இருந்தால் ஒரு மாதத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். லைசென்ஸ் மனு எழுத என்னைத் தேட வேண்டியதில்லை. சுங்க வரியும் விமானக் கூலியும் சாமான் விலையோடு போட்டி போடும் என்பது வேறு விஷயம். பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்க்குகளையும் மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாமான் வந்து இறங்கிய பிறகு, அதைப் பூட்டுகிறவனைத் தேட வேண்டும்.

லாஸ்பேட்டைப் பக்கத்தில் ஓர் இளைஞர் அப்படி ஒரு வண்டியின் கூட்டை வாங்கி வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம். கிரௌன் பினியனை ஹாலந்திலிருந்து வரவழைத்துவிட்டார்; பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. மேஸ்திரியின் பேரன் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். நல்ல கை, ஆனால் இதைத் தொட்டதில்லை. இரண்டு பேரும் போன மாதம் வீட்டுக்கு வந்து, ரிப்பேர் புத்தகத்தில் கியர்பாக்ஸ் அத்தியாயத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். பதினான்கு பக்கம். அளவுகளைத் தனியாகச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது.